மலை முப்பத்தொரு மைக்ரான் இறங்கியது

அரசியம்மாவிடம் வேலை கற்க வந்தவர்களில் ஒருவர் மட்டும் அவரைவிட வயதில் மூத்தவர். பெயர் கோதண்டம். மின்வாரியத்தில் மீட்டர்களைச் சோதிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மலைக்கு வந்தார். எல்லாரும் அவரை மீட்டர் சார் என்று கூப்பிடுவார்கள்.

மலைமேல் ஒரு கல் கொட்டகை இருந்தது. அதன் பின்சுவர் யாரும் கட்டியதல்ல. மலைப் பாறையே சுவர். பாறையை ஒட்டி, விரல் நுழையும் இடைவெளி விட்டு, இரண்டு தூண்களின் மேல் ஓர் உத்தரம் கிடந்தது. பழைய மண்டபம் ஒன்றிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த கல். அதன் நடுவில் இரும்புக் கட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கல் இன்னும் பாரம் தாங்குமா என்று தெரிந்தால்தான் மண்டபத்தைத் திரும்பக் கட்ட முடியும்.

கல் வளைவது கண்ணுக்குத் தெரியாது. அதைப் பார்க்க அரசியம்மா ஒரு வழி வைத்திருந்தார்.

கல்லின் மேல் லேசர் ஒளியைப் பரப்பினால், கல்லின் சொரசொரப்பில் ஒளி உடைந்து, ரவை தூவியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதைக் கேமரா படம் எடுக்கும். மறுநாள் இன்னொரு படம். கம்ப்யூட்டர் நேற்றைய படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துப் புள்ளிகளும் இன்றைய படத்தில் எங்கே போயிருக்கின்றன என்று தேடும். கண்டுபிடித்ததும், போன திசையில் ஓர் அம்பு போடும். ஒவ்வொரு நாளும் வந்ததைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அளவு மைக்ரானில் வரும். ஒரு தலைமுடியின் கனம் ஏறக்குறைய எழுபது மைக்ரான்.

வைகாசியிலிருந்து அந்தப் படங்களை எடுக்கும் பொறுப்பு கோதண்டத்துடையது.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை. அரசியம்மா தன் அறையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். கோதண்டம் வாசலில் வந்து நின்றார். வெளுத்த சட்டை போட்டிருந்தார்.

"அம்மா, இன்னைக்கு ஜீப்புல நான் கீழ இறங்குறேன்."

"எப்போ திரும்புவீங்க?"

"திரும்பல."

அரசியம்மா துணியை மடித்து வைத்தார்.

"தருமபுரியில தம்பி வீட்டு மாடியில ஒரு ரூம் இருக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"யாருமில்ல. காலியா இருக்கறதாலதான குடுக்கறான்."

"இங்க என்ன குறை?"

கோதண்டம் தரையைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாரும் என்னைவிட்டு விலகிட்டாங்க. ஏன்னு தெரியல. அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

"எல்லாரும்னா?"

"சமையல் பவுனம்மா. முன்னெல்லாம் என்னைப் பார்த்தா, மீட்டர் சாரு ஓடுதா நிக்குதான்னு கேக்கும். இப்போ கேரியரை வாங்கிச் சோத்தைப் போட்டு நீட்டுது. தலையைத் தூக்கறதே இல்ல. டிரைவர் இருதயராஜ். சந்தைக்குப் போறப்போ ஏதாச்சும் வேணுமான்னு ஹாரன் அடிப்பான். இப்போ நேராப் போயிடறான். வாட்ச்மேன் சாயங்காலத்துல தாயம் ஆடக் கூப்பிடுவாரு. கூப்பிடறதில்ல." நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "நீங்களும்தான்."

"நானுமா?"

"நீங்களும்தான்."

"இதுல யாரு அதிகமா விலகினது?"

"கூடக் குறைய இல்ல. எல்லாரும் ஒரே அளவு."

"நீங்க?"

"நான் எங்கயும் போகல. வெச்ச எடத்துலயே இருக்கேன்."

அரசியம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைய படம் எடுத்தாச்சா?"

"இல்ல. இனிமே வேற யாராச்சும் எடுக்கட்டும்."

"ஜீப் பத்து மணிக்குத்தான். எடுத்துக் குடுத்துட்டுப் போங்க."

கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதில் கோதண்டத்துக்கு வருத்தம். ஆனால் ஒரு வேலையைப் பாதியில் விட்டு எழுந்து அவருக்குப் பழக்கமில்லை. பையை ஜீப்பின் பின்னால் கட்டச் சொல்லிவிட்டுக் கொட்டகைக்கு நடந்தார்.

படம் எடுக்கும்போது கொட்டகைக்குள் ஒருவர்தான் இருக்க வேண்டும். கதவு சாத்தியிருக்க வேண்டும். ஆள் மூச்சின் சூட்டில்கூட ஒளி அலையும். அரசியம்மா வைத்த விதி அது. இன்று அவரே அதை மீறி உள்ளே வந்து, சுவரோரம் அசையாமல் நின்றார்.

பச்சை ஒளி கல்லின் மேல் பரவியது. புள்ளிகள் தெரிந்தன. கோதண்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பித்தானை அமுக்கினார்.

சற்று நேரத்தில் திரையில் அம்புகள் வந்தன. எல்லாம் கீழ்நோக்கி.

"மொத்தம் கூட்டினா எவ்வளவு?" அரசியம்மா கேட்டார்.

"ஆவணியிலேர்ந்து முப்பத்தொண்ணு."

"எந்த எடத்துல?"

"எல்லா எடத்துலயும். இந்த ஓரமும் முப்பத்தொண்ணு. அந்த ஓரமும் முப்பத்தொண்ணு."

"நடுவுல?"

"நடுவுல ஏதோ கொஞ்சம் கூட இருக்கும். மொத்தமே இறங்கிக்கிட்டிருக்கறப்போ அதை யாரு பாக்கறது?"

"நீங்க என்ன நினைச்சீங்க?"

"தூணு ரெண்டும் மண்ணுல அமுங்குதுன்னு நினைச்சேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்றது?"

அரசியம்மா திரையின் மேல் ஓரத்தைக் காட்டினார். ஒவ்வொரு படத்திலும் உத்தரத்துக்கு மேலே கொஞ்சம் மலைப் பாறையும் விழும்படிதான் கேமராவை வைத்திருந்தார்கள். பாறை மேல் பாரம் இல்லை. அது நகராது. முதலில் பாறையைக் கணக்குப் போட்டு, அது சைபர் என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் உத்தரத்தைத் தொட வேண்டும். இது அங்கே எல்லாருக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம்.

"பாறையைக் கணக்குப் போட்டீங்களா?"

"போடறதில்லம்மா."

"எப்போலேர்ந்து?"

"ஆவணியிலேர்ந்து. தினமும் சைபர்தான வருது. எதுக்குன்னு விட்டுட்டேன்."

"இப்போ போடுங்க."

கோதண்டம் ஆவணி முதல் எல்லாப் படங்களிலும் பாறை தெரியும் பகுதியை மட்டும் எடுத்துக் கணக்கிட்டுக் கூட்டச் சொன்னார். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. எண் வந்தது. கோதண்டம் அதைப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டார். அதே எண் வந்தது.

"என்ன?"

"பாறையும் இறங்கியிருக்கு."

"எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு."

"பாவம்" என்றார் அரசியம்மா. "மலைக்கு உங்க மேல என்ன கோவமோ."

கோதண்டம் சிரிக்கவில்லை.

"மலை இறங்காதும்மா."

"தூண் இறங்கலாமா?"

"இறங்கலாம்."

"உத்தரம்?"

"இறங்கலாம். ஆனா தூணு, உத்தரம், மலை எல்லாம் சேர்ந்து ஒரே அளவு…"

அவர் மெதுவாகத் திரும்பிக் கேமரா ஸ்டாண்டைப் பார்த்தார். பிறகு தரையில் மண்டியிட்டார்.

ஸ்டாண்டுக்கு மூன்று கால்கள். ஆள் நடக்கும் அதிர்வு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கு அடியிலும் ஒரு ரப்பர் துண்டு. முன்கால் இரண்டின் ரப்பரும் கெட்டியாக இருந்தது. பின்காலின் ரப்பர் இளகி, ஓரங்கள் பிதுங்கி, காலுக்கு அடியில் அமுங்கியிருந்தது.

"பின்கால் இறங்கி, கேமரா மூக்கைத் தூக்கிக்கிச்சு" என்றார் கோதண்டம். "அதான் எல்லாம் கீழ போன மாதிரி தெரிஞ்சிருக்கு."

பின்காலுக்குப் பக்கத்தில், தரையில், ஒரு கரண்ட் அடுப்பு இருந்தது. அதன் மேல் ஒரு சின்னப் பாத்திரம்.

"இது என்ன?"

"டீ போட."

"சமையலறையில போடறதில்லையா?"

"போடறாங்க."

"அப்புறம்?"

கோதண்டம் எழுந்திருக்கவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே பேசினார்.

"ஆவணியில அவளுக்குத் திதி வந்துச்சு. அன்னைக்கு யார் முகத்தையும் பாக்க முடியல. சமையலறையில சும்மா கெடந்த இந்த அடுப்பை இங்க தூக்கிட்டு வந்தேன். மறுநாள் திருப்பி வெச்சுடலாம்னுதான் இருந்தேன்."

வெளியே ஜீப்பைத் துடைக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு நாளைக்கு எத்தனை டீ?"

"மூணு."

அரசியம்மா குனிந்து ரப்பரின் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பார்த்தார். கோதண்டம் மனதுக்குள் கணக்குப் போட்டார். மீட்டர் பார்த்த மனசு, போடாமல் இருக்க முடியாது.

"ஒரு டீக்கு ஒரு மைக்ரான்ல பத்துல ஒரு பங்கு" என்றார். "பக்கத்துலயே உக்காந்திருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"எல்லாம் பாழாயிடுச்சேம்மா. அத்தனை படமும்."

"பாழாகல. கழிங்க."

"எதை?"

"எல்லாத்துலயும் ஒரே மாதிரி எது இருக்கோ, அதை."

கோதண்டம் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் பாறையின் எண்ணைக் கழித்தார். பாறையின் அம்புகள் மறைந்தன. இடது ஓரத்து அம்புகள் மறைந்தன. வலது ஓரத்திலும் மறைந்தன. திரை காலியாகிக்கொண்டே வந்தது.

நடுவில் மட்டும் சில அம்புகள் மறையவில்லை. இரும்புக் கட்டிகளுக்கு நேர் கீழே, சின்னதாக, கீழ்நோக்கி. நான்கு மைக்ரான்.

"இது கேமராவால இல்ல" என்றார் கோதண்டம்.

"இல்ல."

"நெஜமாவே வளைஞ்சிருக்கு."

"பாரம் அங்கதான இருக்கு."

"அத்தனை நாளா இங்கயேதான் இருந்திருக்கு. நான் பாக்கல."

அரசியம்மா கதவைத் திறந்தார். வெளிச்சம் உள்ளே வந்து பச்சைப் புள்ளிகளை மங்கவைத்தது.

"கதவைச் சாத்துங்க, உள்ள ஒருத்தர்தான் இருக்கணும்னு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தது நான். சாத்தின கதவைத் தட்டிக்கூடப் பாக்கல. அது என் பங்கு. கழிக்கறப்போ அதையும் கழிச்சுக்குங்க."

கோதண்டம் தலை குனிந்திருந்தார்.

"அடுப்பு ஆறியிருக்கா?"

"ஆறித்தான் இருக்கு."

"சமையலறைப் பொருள். குடுத்துட்டு ஜீப்புல ஏறுங்க."

சமையலறையில் பவுனம்மாள் சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கோதண்டம் அடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அவள் தலையைத் தூக்கவில்லை.

"அடுப்பு" என்றார்.

"அந்த மூலையில வையுங்க."

வைத்தார். வேறு நாளாக இருந்தால் திரும்பி நடந்திருப்பார். இன்று நடக்கவில்லை.

"பவுனம்மா."

"சொல்லுங்க."

"எப்படிம்மா இருக்க?"

அரிவாள்மணையில் கை நின்றது.

"அடேயப்பா. ஊருக்குப் போறன்னைக்குத்தான் அது ஞாபகம் வந்துச்சா மீட்டர் சாருக்கு?"

"ஆமா" என்றார் கோதண்டம்.

அவள் சிரித்ததுபோல இருந்தது. ஆனால் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்குப் பொரட்டாசியில ஒரு பக்கம் கையும் காலும் வராமப் போச்சு. தூக்கி உக்காரவெச்சு, ஊட்டிவிட்டு, துணி மாத்திவிட்டு, அப்புறம் இங்க வந்து உங்க எல்லாருக்கும் ஆக்கறேன். யாரையாச்சும் நிமிந்து பாத்தா அழுதுடுவேன். அதான் பாக்கறதில்ல. இந்த மலையில எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது."

"ரெண்டு தடவ கொட்டகைக்கு வந்தேன் சார். மின்வாரியத்துல இருந்தவராச்சே, தருமபுரி பெரியாஸ்பத்திரியில யாரையாச்சும் தெரிஞ்சிருக்கும்னு கேக்க வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள ஏதோ எண்ணிக்கிட்டிருந்தீங்க. தட்டினா கல்லு கெட்டுடும்னு திரும்பிட்டேன்."

கோதண்டம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு நான் இங்க உக்காந்து சாப்பிடலாமா?"

"நீங்க போறீங்கன்னு ஒரு ஆளுக்கு அரிசியைக் குறைச்சுட்டேனே."

"அப்போ வேணாம்."

"வேணாம்னு நான் சொல்லல. குறைச்சுட்டேன்னுதான் சொன்னேன்."

ஜீப்பின் ஹாரன் இரண்டு முறை அடித்தது. பிறகு இருதயராஜே உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மீட்டர் சார், ஏறலையா? பையைக் கட்டியாச்சு."

"அவுத்துடுப்பா."

"கட்டுங்கறீங்க, அவுருங்கறீங்க. அது பையா, எருமைக் கன்னுக்குட்டியா?"

"பல்லைக் காட்டாம எறக்கி வெச்சுட்டுப் போடா" என்றாள் பவுனம்மாள். "அப்படியே எங்க வீட்டுக்காரருக்கு மாத்திரை தீந்துபோச்சு. போன வாரம் வாங்கினியே, அதே கடையில."

"செவப்பு அட்டைதான?"

"செவப்பு இல்ல, ஊதா."

அவர்கள் மாத்திரையைப் பற்றியும் சந்தையில் எண்ணெய் விற்கும் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். கோதண்டம் நடுவில் நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். ஊதா அட்டையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு முறை வாய் திறந்தார். இரண்டு முறையும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. யாரும் அவரை விரட்டவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் வெளியே வந்துவிட்டார்.

ஜீப் கிளம்பி மலையிறங்கும் சத்தம், ஒவ்வொரு வளைவிலும் குறைந்துகொண்டே போய், இல்லாமல் போனது. பை வாசல்படியில் கிடந்தது.

கொட்டகையில் அரசியம்மா பின்காலுக்கு அடியிலிருந்த ரப்பரை எடுத்துவிட்டுப் புதிய துண்டு ஒன்றை வைத்துக்கொண்டிருந்தார். போகவில்லையா என்று கேட்கவில்லை. கோதண்டம் ஸ்டாண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கால் சரியாக உட்கார்ந்தது.

"போனேம்மா" என்றார் கோதண்டம். "நின்னேன். அவங்க பேசிக்கிட்டாங்க. எங்க நுழையறதுன்னு தெரியல. ஆவணிக்கு முன்னால என்ன பேசிக்கிட்டிருந்தோமோ, அதுல எதுவும் இன்னைக்கு ஒட்டல."

அரசியம்மா கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"வைகாசியில எடுத்தீங்களே மொதல் படம். அதையும் காலைல எடுத்ததையும் நேரா வெச்சுப் பொருத்திப் பாருங்க."

கோதண்டம் இரண்டு படங்களையும் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். அது நெடுநேரம் தேடியது. ஒரு கட்டத்திலும் அம்பு விழவில்லை. திரை முழுவதும் வெறுமையாக இருந்தது.

"பொருந்தாதும்மா. நடுவுல எவ்வளவு தூசி, எவ்வளவு மழை ஈரம். கல்லோட முகமே மாறியிருக்கும். ஒரு புள்ளிகூட அடையாளம் தெரியாது. அதனாலதான தினமும் எடுத்து, நேத்தைக்கோட இன்னைக்குன்னு பொருத்திக்கிட்டே வர்றோம்."

"ஆமா."

"அப்போ நடுவுல இத்தனை நாள் விட்டவன் என்ன பண்றது?"

அரசியம்மா கேமராவின் மூக்கைச் சற்றே கீழே இறக்கி, திருகை இறுக்கினார். பாறையும் கல்லும் திரைக்குள் வந்தன.

"இன்னைக்கு ஒண்ணு எடுங்க."

"எதோட பொருத்த?"

"இன்னைக்கு எதோடயும் பொருந்தாது. நாளைக்கு எடுக்கறது இதோட பொருந்தும்."